கொத்தின சுவர்

என் சிமெண்ட் கடைக்கு நேர் எதிரே இருந்த சுவருக்கு முன்னால் தினமும் ஒரு பஸ் வந்து நிற்கும். இறங்குகிறவர்கள் தொப்பியைக் கழற்றுவார்கள். சுவரில் இருக்கிற குழிகளில் விரலை விட்டுப் பார்ப்பார்கள். பூ வைப்பார்கள். சிலர் அழுவார்கள், அழுது முடித்ததும் படம் எடுத்துக்கொள்வார்கள். கழுத்தில் அட்டை தொங்கவிட்ட வழிகாட்டி மைக்கில் குரலைத் தாழ்த்தி, "இது குண்டுகள் துளைத்த சுவர். இந்த ஊரின் பிள்ளைகளை இங்கேதான் வரிசையாக நிறுத்திச் சுட்டார்கள்" என்பான்.

அந்தக் குழிகளைப் போட்டவர் எதிர்வீட்டுப் பூச்சுக்காரர். சுத்தியலும் உளியுமாக, ஒரு ஞாயிற்றுக்கிழமை, நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே. உளிகூட என் கடையில் வாங்கியதுதான்.

பூச்சுவேலை தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். பழைய சுவருக்குப் புதிதாகச் சிமெண்ட் பூச வேண்டுமென்றால் முதலில் அதைக் கொத்தவேண்டும். வழவழவென்று இருக்கிற சுவரில் கலவை பிடிக்காது. கொஞ்ச நாளில் உப்பிக்கொண்டு பட்டை பட்டையாகப் பெயர்ந்து விழும். அதனால் உளியை வைத்துக் குழிகுழியாகக் கொத்திவிட்டு, தண்ணீர் அடித்து, அப்புறம் பூசுவார்கள். பூச்சுக்காரர் தன் வீட்டுத் தெருப்பக்கச் சுவரைக் கொத்தினார். பூசுவதற்குள் தூரத்து ஊரில் ஒரு பெரிய கட்டட வேலை வந்தது. வந்த வேலையை விட முடியாது. கொத்தின சுவரை அப்படியே விட்டுவிட்டுக் கிளம்பிப் போனார்.

அவர் ஊரில் இல்லாத அந்தச் சமயத்தில்தான் சுற்றுலா ஆபீஸ் வந்தது. போர் ஓய்ந்து வருஷக்கணக்கில் ஆகியிருந்தது. சண்டை நடந்த இடங்களைப் பார்க்க வெளியூரிலிருந்து ஆட்கள் வர ஆரம்பித்திருந்தார்கள். பாலம் இருந்தது, குன்று இருந்தது, பெரிய தூண் ஒன்று எழுப்பியிருந்தார்கள். ஊருக்குள் காட்டுவதற்குத்தான் ஒன்றும் அகப்படவில்லை. ஆபீஸ் ஆள் ஒருவன் கண்ணில் இந்தச் சுவர் பட்டிருக்கிறது. யாரையாவது கேட்டானா என்றால் இல்லை. எதிரே குத்துக்கல் மாதிரி நான் ஒருவன் உட்கார்ந்திருக்கிறேன், என்னைக் கேட்டிருக்கலாம். நானாகப் போய்ச் சொன்னேன். பூச்சுக்காரரின் மனைவியும் சொன்னாள். நாங்கள் ஏதோ இடத்தகராறு கிளப்பப் பார்க்கிறோம் என்று நினைத்துக்கொண்டு போய்விட்டான்.

பூச்சுக்காரர் திரும்பி வந்தபோது சுவருக்கு முன்னால் குட்டைத் தூண்கள் நட்டு, சங்கிலி கட்டி, பித்தளைப் பலகை அடித்திருந்தார்கள். அவர் முதலில் சிரித்தார். "பாத்தீங்களா மச்சான், நான் கொத்தினா அது சரித்திரம்" என்றார். அவர் மனைவி என்னை அண்ணே என்பாள், அந்தக் கணக்கில் நான் அவருக்கு மச்சான். கூடப் பிறக்காவிட்டாலும் நானும் அவளைத் தங்கச்சி என்றுதான் கூப்பிடுவேன்.

சிரிப்பெல்லாம் முதல் மழை வரைக்கும்தான். கொத்தின செங்கல் தண்ணீரைக் குடிக்கும். வெளியே குடித்ததை உள்ளே கக்கும். அந்த வீட்டில் படுக்கிறதற்கு இருப்பது ஒரே அறை, அதன் ஒரு பக்கம் முழுக்க இந்தச் சுவர். உள்ளே சுவரில் கறுப்புக் கறுப்பாகப் பூஞ்சை படர்ந்தது. கட்டிலை எதிர்ப்பக்கம் இழுத்துப் போட்டார்கள். அறைக்கு எதிர்ப்பக்கம் என்று சொல்லுமளவுக்கு இடம் இருந்தால்தானே. சின்னவள் என்று நாங்கள் கூப்பிடுகிற அவர்களுடைய ஒரே மகள் அந்த மழையில்தான் இழுக்க ஆரம்பித்தாள். மூச்சு விடும்போது நெஞ்சுக்கூட்டுக்குள்ளிருந்து விசில் மாதிரி சத்தம் வரும். பள்ளிக்கூடத்துக்குப் போகிற பிள்ளை, கட்டிலில் தலையணையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து மூச்சுக்குத் தவிப்பதை என் கடையிலிருந்து ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கிறேன்.

மழை விட்ட ஒரு நாளில் பூச்சுக்காரர் கலவை போட்டுச் சுவரில் பாதிக்குமேல் பூசியும்விட்டார். ஆபீஸ் காவல்காரன் ஒரு போலீஸ்காரரைக் கூட்டிக்கொண்டு வந்தான். நினைவுச் சின்னத்தைச் சேதப்படுத்தினால் சிறை என்றார்கள். ஈரம் காய்வதற்குள் வழித்துவிடச் சொன்னார்கள். அவர் பூசியதை அவருடைய பூச்சுக்கரண்டியாலேயே வழிக்கவைத்தார்கள். குழிகளுக்குள் ஒட்டியிருந்த கலவையைக்கூடக் குச்சியால் நோண்டி எடுக்கச் சொல்லி அந்தக் காவல்காரன் பக்கத்தில் நின்றான். பூச்சுக்காரர் ஒவ்வொரு குழியாக நோண்டி எடுத்தார். அவர் எப்போதும் அப்படித்தான். மட்டப்பலகை வைத்து இழுத்த மாதிரி ஒரே சமமாக இருப்பார். கோபமெல்லாம் தங்கச்சியின் பங்கு.

அவளுடைய கோபத்துக்கு இன்னொரு காரணமும் இருந்தது. சுட்டது பொய் இல்லை. ஊர்ப் பிள்ளைகளைச் சுட்டார்கள்தான். ஆனால் இந்தத் தெருவில் இல்லை. பழைய ஐஸ் கம்பெனிக்குப் பின்னால், லாரிகள் நிற்கிற வெட்டவெளியில். எதிர்த்தரப்பு ஆஸ்பத்திரிக்கு ஐஸ் கொடுத்தார்கள் என்பது குற்றம். காயம்பட்டவனுக்கு ஐஸ் கொடுக்கும்போது அவன் எந்தக் கட்சி என்று பார்த்தா கொடுப்பார்கள்? அந்த வரிசையில் நின்றவர்களில் ஒருவன் தங்கச்சியின் சொந்த அண்ணன், கம்பெனியில் ஐஸ் கட்டி சுமக்கிறவன். அவள் அப்போது சின்னப் பெண். அவனுக்கு மத்தியானச் சாப்பாடு கொண்டுபோனவள். ஐஸ் கம்பெனி பிற்பாடு இடிந்துபோனது. சுற்றுலா ஆபீஸ் அந்த வெட்டவெளியைச் சமப்படுத்தி பஸ் நிறுத்துகிற இடமாக்கியது. அவன் விழுந்த இடத்தில் கழிப்பறை கட்டியது.

அதையும் அவள் ஆபீஸில் போய்ச் சொன்னாள். செவிடன் காதில் ஊதின சங்குதான்.

இந்த வருஷம் மழை தொடங்கிய முதல் வாரத்திலேயே சின்னவளுக்கு உதடு நீலம் பாய்ந்துவிட்டது. என் கடை வண்டியில்தான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். டாக்டரம்மா பிழைக்கவைத்து அனுப்பினாள். அனுப்பும்போது, ஒன்று வீட்டை மாற்றுங்கள் இல்லாவிட்டால் சுவரை மாற்றுங்கள், அடுத்த தடவை இவ்வளவு நேரம் கிடைக்காது என்று முகத்துக்கு நேரே சொன்னாள். வீட்டை மாற்ற எங்கே போவது. பூச்சுக்காரர் குளித்து, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு ஆபீஸ் மேலாளரைப் பார்க்கப் போனார். மேலாளர் தங்கமான மனிதராம். நாற்காலி போட்டு உட்காரவைத்து, குழந்தையைப் பற்றி விசாரித்து, ரொம்ப வருத்தப்பட்டு, உள்பக்கம் ஒட்டிக்கொள்ள ஒரு பிளாஸ்டிக் தாள் சுருளைக் கொடுத்து அனுப்பினார்.

அந்தச் சுருளைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அவர் தெருவில் நடந்து வந்ததை நான் பார்த்தேன். தங்கச்சி வாசலில் நின்றிருந்தாள்.

"என்ன சொன்னாங்க?"

"நல்லாத்தான் பேசினாங்க. பூசி மெழுகறதுல நம்மளவிட அவங்க பெரிய ஆளுங்க" என்றார் பூச்சுக்காரர்.

அவள் சுருளை வாங்கி வாசலிலேயே சாய்த்து வைத்தாள். பிறகு தெருவைத் தாண்டி என்னிடம் வந்தாள்.

"அண்ணே, நாளைக்கு எனக்கு லீவு. நான் அந்த பஸ்ல போகப்போறேன். நீங்களும் வாங்க. தினம் என் வீட்டு வாசல்ல நின்னு என்னதான் சொல்றான்னு முழுசா கேக்கணும்."

அவள் வேலை செய்வது சுற்றுலாக்காரர்கள் தங்குகிற விடுதியில். படுக்கை விரிப்புகளைத் தேய்த்து மடிக்கிற வேலை. அங்கே சொல்லி இரண்டு சீட்டு வாங்கியிருந்தாள். பூச்சுக்காரரைச் சின்னவளோடு வீட்டில் விட்டுவிட்டு நாங்கள் கிளம்பினோம். பஸ்ஸில் ஏறியதும் எல்லாருக்கும் ஒரு தண்ணீர் பாட்டிலும் ஒரு விசிறியும் கொடுத்தார்கள். விசிறியில் அவள் வீட்டுச் சுவர் அச்சடித்திருந்தது. அவள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டாள்.

முதலில் பாலம். அங்கே ஒரு பீரங்கி வண்டியை நிறுத்திப் புதுப் பெயிண்ட் அடித்திருந்தார்கள். பெயிண்ட் என் கடையில் வாங்கியதில்லை. வாங்கியிருந்தால் இப்படி வழிந்திருக்காது. பிறகு குன்று. பதுங்குகுழி போனமாதம் வெட்டியது என்று மண்ணைப் பார்த்தாலே தெரிந்தது. மணல் மூட்டைகளைச் சிமெண்டில் வார்த்து வைத்திருந்தார்கள். ஒருவன் அதன்மேல் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு துப்பாக்கி பிடிக்கிற மாதிரி நின்று படம் எடுத்துக்கொண்டான். அடுத்து நினைவுத்தூண். தளபதிகள் பெயர் பெரிய எழுத்தில், சிப்பாய்கள் பெயர் சின்ன எழுத்தில். ஐஸ் சுமந்தவன் பெயர் எந்த எழுத்திலும் இல்லை. தங்கச்சி நாலு பக்கமும் சுற்றி வந்து பார்த்துவிட்டு பஸ்ஸில் ஏறினாள்.

எங்களுக்கு முன் இருக்கையில் ஒரு வயதான அம்மாள் தனியாக வந்திருந்தாள். கையில் வெள்ளைப் பூக்கட்டு. வழியில் அவளாகவே பேச்சுக் கொடுத்தாள். அவளுடைய மகன் வேறு எங்கோ ஒரு சண்டையில் போனவன். உடம்பு கிடைக்கவில்லை, இடமும் தெரியாது. எங்கே இப்படி ஒரு இடம் இருக்கிறது என்று கேள்விப்பட்டாலும் அங்கே போய் ஒரு பூ வைத்துவிட்டு வருவாளாம். தங்கச்சி அந்தப் பூக்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பஸ் கழிப்பறைக்கு முன்னால் நின்றது. வழிகாட்டி மைக்கை எடுத்து, இங்கே பார்ப்பதற்கு ஒன்றும் இல்லை, போகவேண்டியவர்கள் சீக்கிரம் போய்விட்டு வந்துவிடுங்கள் என்றான். ஆட்கள் இறங்கினார்கள். ஆண்கள் சிரித்துப் பேசிக்கொண்டே உள்ளே போய், பித்தானைப் போட்டுக்கொண்டே வெளியே வந்தார்கள். தங்கச்சி இறங்கவில்லை. முன் இருக்கைக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஊருக்கெல்லாம் குறி சொல்கிற பல்லி கழுநீர்ப் பானையில் விழுந்ததாம். போர்க்களத்தைக் காட்டித் தருகிறவன் போர்க்களத்திலேயே பஸ்ஸை நிறுத்திவிட்டு ஒன்றும் இல்லை என்கிறான்.

கடைசியாக எங்கள் தெரு. பலமுறை கேட்ட பேச்சுத்தான், ஆனால் வெயிலில் அந்தக் கூட்டத்துக்குள் நின்று கேட்டபோது வேறு மாதிரி இருந்தது. வழிகாட்டி இப்போது புதிதாக ஒன்று சேர்த்திருந்தான். வரிசையில் ஒரு இளைஞன் இருந்தானாம். கண்ணைக் கட்டவேண்டாம் என்றானாம். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு பாடினானாம். பாடிக்கொண்டே விழுந்தானாம். கூட்டத்தில் ஒருவர் மூக்கை உறிஞ்சினார். அந்த வயதான அம்மாள் சங்கிலியைத் தாண்டிக் கையை நீட்டி ஒரு குழியைத் தொட்டு, அப்படியே நெற்றியைச் சுவரில் வைத்து அழுதாள். உள்ளே சின்னவள் இருமுகிற சத்தம் கேட்டது.

"அந்தப் பையன் பேரு என்ன தம்பி?" என்றாள் தங்கச்சி.

வழிகாட்டி பணிவாகத் திரும்பி, பெயர் தெரியாத வீரன், அம்மா என்றான்.

"எனக்குத் தெரியும். என் அண்ணன். அவன் பாடல. அவனுக்குப் பாட வராது. நான் சாப்பாட்டுத் தூக்கோட வந்துக்கிட்டிருந்தேன். என்னைப் பாத்துட்டு, தூக்கைக் கீழ வெச்சுட்டு ஓடுன்னான். அவ்வளவுதான் சொன்னான். வெச்சுட்டு ஓடினேன். இங்க இல்ல. இப்ப எல்லாரும் ஒண்ணுக்குப் போயிட்டு வந்தீங்களே, அங்க."

பிறகு அவள் சுவரைக் காட்டினாள். இது என் வீட்டுச் சுவர், இது என் புருஷன் உளியால் கொத்தினது, பூச விடாமல் வைத்திருக்கிறார்கள், இதன் ஈரத்தில் என் பிள்ளை மூச்சு முட்டிக்கொண்டு கிடக்கிறாள் என்று ஒன்றுவிடாமல் சொன்னாள். குரலை உயர்த்தவில்லை. விடுதியில் விரிப்பை மடிக்கிறமாதிரி ஒவ்வொன்றாக எடுத்துவைத்தாள்.

அவள் முடித்ததும் கை தட்டினார்கள். ஆமாம், கை தட்டினார்கள். நான் பொய் சொல்லவில்லை. நாலைந்து பேர் அவளைச் சுவரோடு சேர்த்துப் படம் எடுத்தார்கள். வழிகாட்டி கண்ணைத் துடைத்துக்கொண்டு, இன்றைக்கு நமக்கு உண்மையான சாட்சியே கிடைத்திருக்கிறார் என்று மைக்கில் சொல்லிவிட்டு, எல்லாரையும் பஸ்ஸில் ஏறச் சொன்னான்.

அந்த வயதான அம்மாள் மட்டும் ஏறவில்லை. தான் வைத்த பூக்கட்டைக் குனிந்து எடுத்துக்கொண்டு தங்கச்சியிடம் வந்தாள்.

"எங்கம்மா அந்த இடம்? என்னைக் கூட்டிட்டுப் போ."

இரண்டு பேரும் நடந்தே போனார்கள். நானும் பின்னால் போனேன். கழிப்பறை வாசல்படிக்குப் பக்கத்தில் தங்கச்சி ஒரு இடத்தைக் காட்டினாள். அம்மாள் பூவை அங்கே வைத்தாள். உள்ளேயிருந்து வாளியும் துடைப்பமுமாக வந்த துப்புரவுக்காரப் பெண் பூவைப் பார்த்தாள், எங்கள் முகத்தைப் பார்த்தாள், அந்த இடத்தை விட்டுவிட்டு மற்ற இடத்தைக் கழுவினாள்.

அன்று சாயங்காலம் மேலாளரே வீட்டுக்கு வந்துவிட்டார். கையில் பழக்கூடை. பஸ்ஸில் வந்தவர்கள் எல்லாரும் தங்கச்சியைப் பற்றித்தான் பேசுகிறார்களாம். தினமும் பஸ் வரும்போது அவள் சுவருக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலியில் உட்கார்ந்து அண்ணன் கதையைச் சொன்னால் போதுமாம். விடுதி வேலையை விட்டுவிடலாம். உள்பக்கம் முழுக்க நல்ல பலகை அடித்துத் தருவார்களாம். அப்படியானால் வெளிப்பக்கம் என்று நான் கேட்டேன். அதைத் தொடமுடியாது, மக்கள் அதைப் பார்க்கத்தானே வருகிறார்கள் என்றார். கழிப்பறை? அது வசதிக்காகக் கட்டியது, அதை எப்படி மாற்றுவது. கதையை இங்கேயே சொல்லலாம், கேட்கிறவர்களுக்கு ஒன்றும் வித்தியாசம் தெரியாது என்றார். கெட்ட எண்ணத்தோடு சொன்னதாகத் தெரியவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

சுவர் இருந்தால்தான் சித்திரம் எழுதலாம் என்பார்கள். இந்த மனிதர் சுவர் இருந்தால் போதும், சித்திரம் போனால் போகட்டும் என்கிறார்.

தங்கச்சி வாயைத் திறப்பதற்குள் பூச்சுக்காரர் எழுந்தார். பழக்கூடையை எடுத்து மேலாளரின் கையில் திருப்பிக் கொடுத்தார். என்னைப் பார்த்தார்.

"மச்சான், கடையில சிமெண்ட் இருக்கா?"

மறுநாள் வெயில் வெளுத்து வாங்கியது. பூச்சுக்காரருக்கு அதைவிட வேறென்ன வேண்டும். சங்கிலியைக் கழற்றிச் சுருட்டி வைத்தார். பித்தளைப் பலகையை ஆணி வளையாமல் பிடுங்கி, துடைத்து, ஓரமாகச் சாய்த்தார். தங்கச்சி மணலைச் சலித்து, கலவை போட்டு, பாண்டுச் சட்டியில் அள்ளி அள்ளித் தூக்கிக் கொடுத்தாள். நான் கடையைச் சாத்திவிட்டுத் தண்ணீர் அடித்தேன். அவர் கரண்டியால் கலவையை வீசுகிற அழகைப் பார்க்கவேண்டும். மணிக்கட்டு மட்டும்தான் அசையும். ஒவ்வொரு குழியிலும் 'சப்' என்று போய் அடைத்துக்கொள்ளும். அந்தக் கொத்து அதற்காகத்தானே கொத்தினது.

பஸ் வந்தபோது பாதிக்குமேல் முடிந்திருந்தது. வழிகாட்டி குதித்து ஓடிவந்தான். காவல்காரனும் வந்தான், அன்றைக்கு வந்த அதே போலீஸ்காரரும் வந்தார். வழித்துவிடு, இல்லையென்றால் உள்ளே போவாய் என்று காவல்காரன் கத்தினான். பஸ்ஸில் வந்தவர்கள் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார்கள்.

பூச்சுக்காரர் சாரத்திலிருந்து இறங்கினார். கரண்டியைத் துணியில் துடைத்து, கைப்பிடியை அவர்கள் பக்கம் திருப்பி நீட்டினார்.

"போன தடவை என் கையால வழிச்சேன். இந்தத் தடவை நீங்க வழிங்க. எம்பொண்ணு ஜன்னல்ல உக்காந்து பாத்துக்கிட்டிருக்கா. அவ பாக்கவே வழிங்க."

ஜன்னலில் சின்னவள் இருந்தாள். தோள் ரெண்டும் ஏறி இறங்க, வாயைத் திறந்து மூச்சு வாங்கிக்கொண்டு, எல்லாரையும் பார்த்துக்கொண்டிருந்தாள். கரண்டி காற்றில் நின்றது. காவல்காரன் போலீஸ்காரரைப் பார்த்தான். போலீஸ்காரர் சின்னவளைப் பார்த்தார், பிறகு தன் பூட்ஸைப் பார்த்தார். வழிகாட்டி மைக்கை அணைத்தான். யாரும் வாங்கிக்கொள்ளவில்லை என்று தெரிந்ததும் பூச்சுக்காரர் கரண்டியைத் திருப்பிப் பிடித்துக்கொண்டு மறுபடியும் ஏறினார். மட்டப்பலகை வைத்து இழுத்து முடிக்கிறவரை ஒருதடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

வழக்குப் போடப்போவதாகச் சொன்னார்கள். போட்டால் சுவரைக் கொத்தின கதையைக் கோர்ட்டில் சொல்லவேண்டிவரும் என்று யாருக்கோ புத்தி வந்திருக்கவேண்டும், போடவில்லை. மிச்ச மழையெல்லாம் அந்தச் சுவரில் வழிந்து தெருவோடு போனது. சின்னவளுக்கு இழுப்பு அடியோடு போகவில்லை, ஆனால் ஆஸ்பத்திரிக்கு ஓடவேண்டி வரவில்லை. இப்போது பள்ளிக்கூடத்திலிருந்து ஓடிவருகிறாள், ஓடாதே என்று தாய் கத்துகிறாள். கழிப்பறை இருந்த இடத்திலேயே இருக்கிறது. வாசல்படி ஓரத்தில் எப்போதும் கொஞ்சம் பூ கிடக்கிறது. தங்கச்சி வைக்காத நாளிலும் கிடக்கிறது. துப்புரவுக்காரப் பெண் என்று நினைக்கிறேன். கேட்கவில்லை.

போனவாரம் பஸ் என் கடையின் பக்கவாட்டுச் சுவருக்கு முன்னால் வந்து நின்றது. அதற்கு முந்தின நாள்தான் கம்பி இறக்கவந்த லாரியைப் பின்னால் எடுக்கும்போது டிரைவர் இடித்துவிட்டிருந்தான். கம்பி முனைகள் குத்திச் சுவர் முழுக்கக் குழி. வழிகாட்டி மைக்கைப் பிடித்தான். குரலைத் தாழ்த்தினான். "இது குண்டுகள் துளைத்த சுவர்" என்றான்.

நான் கல்லாவை விட்டு எழுந்தேன். வெளியே வந்து பார்த்தால் எதிர்வீட்டுக் கதவு ஏற்கெனவே திறந்திருந்தது. தங்கச்சி இடுப்பில் பாண்டோடு தெருவைத் தாண்டிக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பின்னால் பூச்சுக்காரர், கையில் சுத்தியலும் உளியும்.

"பழைய சுவரு மச்சான்" என்றார், பஸ்ஸைப் பார்க்காமலே. "மொதல்ல கொத்தணும்."

"கொத்துங்க" என்றேன். "ஆனா இன்னிக்கே பூசிட்டுத்தான் ரெண்டு பேருக்கும் சாப்பாடு."